நிரல்பட நிறுத்துதல்

நுழையும்முன்

பட்டியலில் யார் முதலில், யார் அடுத்து என்பதைக் கணினி நொடிப்பொழுதில் காட்டிவிடுகிறது. ஆனால், எதனை முதலில் ஒப்பிட வேண்டும், எதனை அடுத்து ஒப்பிட வேண்டும் என்பதை அது தானாக அறியாது. அதனை வகுப்பது மனிதரின் பொறுப்பு. அவ்வகுப்பில் நேரும் சிறு பிழையும் ஒருவருக்குரிய இடத்தை மற்றொருவருக்கு அளித்துவிடும். பல புலங்களைக் கொண்டு பதிவுகளை வரிசைப்படுத்தும் முறையையும், அதில் கொள்ள வேண்டிய கவனத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

சமநிலையில் தோன்றும் சிக்கல்

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கான தரவரிசை, 200க்குக் கணக்கிடப்படும் தகுதி மதிப்பெண்ணைக் கொண்டு அமைகிறது. 100க்குப் பெற்ற கணித மதிப்பெண்ணுடன், இயற்பியல் மதிப்பெண்ணில் பாதியும் வேதியியல் மதிப்பெண்ணில் பாதியும் கூட்டப்பெறுகின்றன. வழக்கில் இதனைக் கட்-ஆஃப் என்பர். பெருந்தொகையான மாணவர்கள் போட்டியிடும் இடத்தில் ஒரே மதிப்பெண்ணைப் பலர் பெறுவது இயல்பு. மதிப்பெண் சமமாயினும், கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒருவரையே முதலில் அழைக்க இயலும்.

பின்வரும் நான்கு மாணவர்களின் விவரங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கணிதம், இயற்பியல், வேதியியல், பிறந்த தேதி என்னும் முறையில் அவை தரப்பட்டுள்ளன.

மாணவர் க: 98, 96, 100, 20-01-2007
மாணவர் ச: 99, 97, 97, 02-11-2007
மாணவர் த: 98, 98, 98, 05-08-2007
மாணவர் ப: 98, 98, 98, 12-03-2007

நால்வரின் தகுதி மதிப்பெண்ணும் 196. தகுதி மதிப்பெண் என்னும் ஒன்றை மட்டும் நோக்கினால் நால்வரும் ஒரே நிலையினர். இவர்களை நிரல்பட நிறுத்த இரண்டாவது, மூன்றாவது அளவுகோல்கள் தேவைப்படுகின்றன. இவ்வாறு பல அளவுகோல்களை முறையாகப் பயன்படுத்தி அடுக்குவதே பல புல வரிசையாக்கம்.

அணியும் பதிவும்

ஒரு மாணவரைப் பற்றிய விவரங்கள் அனைத்தும் சேர்ந்தது ஒரு பதிவு. அப்பதிவினுள் அமைந்த கணிதம், இயற்பியல், பிறந்த தேதி போன்ற ஒவ்வொரு கூறும் ஒரு புலம். ஒரே அமைப்புடைய பதிவுகளின் தொகுப்பு ஓர் அணி. போர்முனையில் வீரர்கள் நிற்பதுபோல் தரவுகள் இடவெண் பெற்று நிற்பதால் அணி என்னும் பெயர் இதற்குப் பொருந்துகிறது.

வரிசைப்படுத்தும்போது நகர வேண்டியது புலம் அன்று. பதிவு முழுமையும் நகர வேண்டும். தொடக்கநிலை நிரலர் சிலர் பெயர்களை ஓர் அணியிலும் மதிப்பெண்களை வேறோர் அணியிலும் சேமிப்பர். முதல் அணியின் மூன்றாம் பெயருக்குரிய மதிப்பெண் இரண்டாம் அணியின் மூன்றாம் இடத்தில் இருக்கும். இலக்கணத்தில் பயிலும் நிரல்நிறையும் இத்தகையதே. ‘கடலும் மலையும் முத்தும் சந்தனமும் தரும்’ என்னும் தொடரில் கடலுக்கு முத்தையும் மலைக்குச் சந்தனத்தையும் இடத்தைக் கொண்டே பொருத்திக்கொள்கிறோம். இரண்டாம் வரிசையை மட்டும் மாற்றி நிறுத்தினால் கடல் சந்தனம் தருவதாகப் பொருள் திரிந்துவிடும். அதுபோல, மதிப்பெண் அணியை மட்டும் வரிசைப்படுத்திப் பெயர் அணியை அப்படியே விட்டால், ஒருவர் பெற்ற மதிப்பெண் மற்றொருவர் பெயரில் சேர்ந்துவிடும். விரிதாளில் ஒரே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும்போதும் இதே பிழை நேர்கிறது. பட்டியல் பார்வைக்குச் சீராகவே இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

கூட்டல் அன்று, படிநிலை ஒப்பீடு

பல புலங்களைக் கொண்டு வரிசைப்படுத்துவது, அப்புலங்களின் மதிப்புகளைக் கூட்டிப் பார்ப்பது அன்று. முதற்புலத்தில் வேறுபாடு இருந்தால் முடிவு அங்கேயே எட்டப்படுகிறது. அடுத்த புலம் நோக்கப்படுவதில்லை. முதற்புலம் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டாம் புலத்திற்கு வேலை உண்டு.

ஒலிம்பிக் பதக்கப் பட்டியல் இதற்குத் தெளிவான சான்று. பன்னாட்டு அளவில் பரவலாக வழங்கும் முறையில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்னும் வரிசையில் நாடுகள் ஒப்பிடப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவும் சீனாவும் தலா 40 தங்கப் பதக்கங்களை வென்றன. தங்கம் சமமானதால் வெள்ளி நோக்கப்பட்டது. அமெரிக்கா 44, சீனா 27 ஆதலால் அமெரிக்கா முதலிடம் பெற்றது. இத்தாலியும் ஜெர்மனியும் தலா 12 தங்கமும் 13 வெள்ளியும் பெற்றுச் சமமாக நின்றன. இத்தாலியின் 15 வெண்கலம் ஜெர்மனியின் 8 வெண்கலத்தை விஞ்சியதால் இத்தாலி முன்னே வைக்கப்பட்டது.

இதே பட்டியலில் மற்றோர் உண்மையும் புலப்படும். ஜப்பான் வென்ற பதக்கங்கள் 45. பிரிட்டன் வென்றவை 65. எனினும், 20 தங்கம் பெற்ற ஜப்பான் மூன்றாம் இடத்திலும், 14 தங்கம் பெற்ற பிரிட்டன் ஏழாம் இடத்திலும் உள்ளன. மொத்தப் பதக்கங்களை முதற்புலமாகக் கொண்டால் பிரிட்டன் மூன்றாம் இடத்திற்கு உயரும். ஜப்பான் ஆறாம் இடத்திற்கு இறங்கும். வென்ற பதக்கங்களில் ஒன்றும் மாறவில்லை. எதனை முதலில் நோக்குவது என்னும் முடிவு மட்டுமே மாறியது.

புலங்களின் முன்பின்

பொறியியல் சேர்க்கையில் மதிப்பெண்கள் சமமாகும்போது பாட மதிப்பெண்கள் அடுத்தடுத்து ஒப்பிடப்படுகின்றன. மேற்காட்டிய நால்வருக்கும் எளிய விதி ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். தகுதி மதிப்பெண், கணிதம், இயற்பியல் ஆகியன இறங்குவரிசையில் அமைய வேண்டும். இவை மூன்றும் சமமெனில் மூத்தவர் முன்வர வேண்டும். அதாவது, பிறந்த தேதி ஏறுவரிசையில் அமைய வேண்டும். இவ்விதியை இரு பதிவுகளை ஒப்பிடும் செயற்கூறாகப் பின்வருமாறு எழுதலாம்.

1. தகுதி மதிப்பெண்கள் வேறுபட்டால், மிகுதியாகப் பெற்றவர் முன், ஒப்பீடு முடிவு.
2. கணித மதிப்பெண்கள் வேறுபட்டால், மிகுதியாகப் பெற்றவர் முன், ஒப்பீடு முடிவு.
3. இயற்பியல் மதிப்பெண்கள் வேறுபட்டால், மிகுதியாகப் பெற்றவர் முன்; ஒப்பீடு முடிவு.
4. பிறந்த தேதிகள் வேறுபட்டால், முன்னர்ப் பிறந்தவர் முன், ஒப்பீடு முடிவு.
5. இருவரும் சமம்.

கணிதத்தில் 99 பெற்ற ச முதலிடம் பெறுகிறார். எஞ்சிய மூவரும் கணிதத்தில் 98 பெற்றவர்கள். இயற்பியலில் 98 பெற்ற த, ப ஆகிய இருவரும் 96 பெற்ற க-வை முந்துகின்றனர். அவ்விருவருள் மார்ச் மாதம் பிறந்த ப மூத்தவர். எனவே முடிவு: ச, ப, த, க.

இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் இடம் மாற்றினால் முடிவு ப, த, ச, க என அமையும். முதலிடத்தில் இருந்த மாணவர் மூன்றாம் இடத்திற்குச் செல்கிறார். நிரலில் மாறியவை இரண்டு வரிகளே. ஆனால், கலந்தாய்வில் ஒருவர் விரும்பிய இடம் எஞ்சியிருப்பதும் இல்லாமற்போவதும் அவ்விரு வரிகளைச் சார்ந்தவை. ஆதலால், புலங்களின் முன்பின்னை முடிவு செய்வது நிரலரின் விருப்பத்திற்கு உரியதன்று. முன்னரே அறிவிக்கப்பட்ட விதியை அவர் பிழையின்றி நிரலாக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும்

புலத்தின் முறை சரியாக இருந்தும் அதன் தரவு வகை தவறினால் வரிசை பிறழும். எண்களை எண்களாகச் சேமிக்காமல் எழுத்துச் சரங்களாகச் சேமித்தால், கணினி அவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். 100 என்பதன் முதற்குறி 1. 97 என்பதன் முதற்குறி 9. எனவே, எழுத்துச் சரமாக நோக்கும்போது 97ஐ விட 100 சிறியது. வேதியியலில் முழு மதிப்பெண் பெற்ற மாணவர் க, வேதியியல் மதிப்பெண்ணின் இறங்குவரிசையில் கடைசியாகத் தள்ளப்படுவார். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒப்பீட்டு விதி தரப்படாதபோது, வரிசையாக்கச் செயற்கூறு எண்களையும் எழுத்துச் சரங்களாகவே கருதும் என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

தேதியிலும் இச்சிக்கல் உண்டு. நாள், மாதம், ஆண்டு என எழுதிய 05-08-2007, 12-03-2007 ஆகியவற்றை எழுத்துச் சரங்களாக ஒப்பிட்டால் 05 எனத் தொடங்குவது முன்வரும். அப்போது ஆகஸ்டில் பிறந்த த, மார்ச்சில் பிறந்த ப-வை விட மூத்தவராகிவிடுவார். ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் 2007-03-12, 2007-08-05 என எழுதினால் இப்பிழை நேராது. ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரநிலை இம்முறையையே வகுத்துள்ளது. உண்மையில், தேதி என்பதே மூன்று புலங்களின் தொகுப்பு. அவற்றுள் ஆண்டு முதன்மையானது, மாதம் அடுத்தது, நாள் இறுதியானது.

துளை அட்டைகள் கற்பித்த பாடம்

மின்னணுக் கணினிகள் பரவுவதற்கு முன்னர்த் தரவுகள் துளையிட்ட அட்டைகளில் சேமிக்கப்பட்டன. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எர்மன் ஓலரித் உருவாக்கிய அட்டைமுறை பயன்பட்டது. பின்னர், 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 நெடுவரிசைகள் கொண்ட அட்டையை அறிமுகப்படுத்தியது. இவ்வட்டைகளைப் பிரிக்கும் பொறி, ஒரு முறைக்கு ஒரு நெடுவரிசையை மட்டுமே நோக்கி, அட்டைகளை உரிய அறைகளில் விழச்செய்யும்.

மூவிலக்க எண்களை இப்பொறியால் வரிசைப்படுத்த வேண்டுமெனில், இயக்குநர் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குவார். பிறகு பத்தாம் இடம், இறுதியில் நூறாம் இடம். முதன்மையான இலக்கம் கடைசியில் வருவது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், ஒரே அறையில் விழும் அட்டைகள் தம்முள் முன்பிருந்த வரிசையை மாற்றாமல் விழுகின்றன. அதனால் முந்தைய சுற்றில் பெற்ற ஒழுங்கு அடுத்த சுற்றிலும் காக்கப்படுகிறது. சமமானவற்றின் முந்தைய வரிசையைக் கலைக்காத இப்பண்பு நிலைத்த வரிசையாக்கம் எனப்படுகிறது.

நான்கு மாணவர்களின் பட்டியலிலும் இம்முறையைச் செய்து பார்க்கலாம்.

பிறந்த தேதியால் வரிசைப்படுத்தியபின்: க, ப, த, ச
இயற்பியலால் வரிசைப்படுத்தியபின்: ப, த, ச, க
கணிதத்தால் வரிசைப்படுத்தியபின்: ச, ப, த, க
தகுதி மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தியபின்: ச, ப, த, க

படிநிலை ஒப்பீட்டில் கிடைத்த அதே முடிவு இங்கும் கிடைக்கிறது. முக்கியத்துவம் குறைந்த புலத்தில் தொடங்கி, முதன்மைப் புலத்தில் முடித்ததே இதற்குக் காரணம். ஆயினும், பயன்படுத்தும் முறை நிலைத்ததாக இல்லையெனில் இம்முயற்சி வீணாகும்.

எல்லா வரிசையாக்க முறைகளும் நிலைத்தவை அல்ல. 1945இல் ஜான் வான் நியூமன் வகுத்த ஒன்றிணைப்பு வரிசையாக்கத்தை நிலைத்ததாக அமைக்கலாம். டோனி ஓர் 1961இல் வெளியிட்ட விரைவு வரிசையாக்கம் அதன் வழக்கமான வடிவில் நிலைத்ததன்று. பைத்தான் மொழிக்காக 2002இல் டிம் பீட்டர்ஸ் உருவாக்கிய டிம்சார்ட் நிலைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரநிலையோ 2019இல்தான் நிலைத்த வரிசையாக்கத்தைக் கட்டாயமாக்கியது. எனவே, மொழியின் விதியை அறியாமல் பல சுற்று முறையைக் கையாளுதல் தகாது.

தெரியுமா?

ஒரு இலட்சம் பதிவுகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் தேவை. ஒன்றிணைப்பு வரிசையாக்கத்தில் ஏறத்தாழ 17 இலட்சம் ஒப்பீடுகளே போதும்.

தமிழ்ச் சொற்களின் வரிசை

அகராதி என்பதே படிநிலை ஒப்பீட்டின் பழமையான வடிவம். முதலெழுத்து சமமெனில் இரண்டாம் எழுத்தையும், அதுவும் சமமெனில் மூன்றாம் எழுத்தையும் நோக்குகிறோம். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அடுக்கியது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்தது.

பெயர்ப் புலத்தைக் கொண்டு தமிழ்ப் பதிவுகளை வரிசைப்படுத்தும் நிரலர் இங்கு ஒரு தடையைச் சந்திப்பார். ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள், இந்திய எழுத்துகள் பலவற்றிற்கும் பொதுவான அடுக்கினை ஒட்டி எண் பெற்றுள்ளன. அங்கு ந-வை அடுத்து ன-வும், ர-வை அடுத்து ற-வும் இடம்பெறுகின்றன. வ-வுக்கு முன்பே ள, ழ ஆகியன வந்துவிடுகின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே முறை. ஆகவே, குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் நிரல், மரம் என்பதற்கு முன்னர் மனம் என்பதையும், அவல் என்பதற்கு முன்னர் அழகு என்பதையும் வைத்துவிடும்.

மெய்யெழுத்திலும் வேறுபாடு உண்டு. அகராதி மரபில் க் என்பது க-வுக்கு முன்வரும். எனவே பக்கம் முன்னும் பகல் பின்னும் அமையும். ஒருங்குறியில் க் என்பது க-வும் புள்ளியும் சேர்ந்த இரு குறியெண்கள். புள்ளியின் குறியெண் ல-வின் குறியெண்ணை விடப் பெரியது; எனவே பகல் முன்வந்துவிடும். இவ்விடங்களில் குறியெண் ஒப்பீட்டைத் தவிர்த்து, தமிழுக்குரிய வரிசை விதிகளைக் கொண்ட ஒப்பீட்டு முறையை நிரலில் அழைக்க வேண்டும்.

தெரியுமா?

அகநானூற்றுப் பாடல்களின் வரிசை எண்ணே திணையைக் காட்டும். ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காய் வருபவை நெய்தல்.

இறுதிப் புலம்

எல்லாப் புலங்களும் சமமாகிவிட்டால் செய்ய வேண்டுவது யாது? ஒப்பீட்டுச் செயற்கூறு சமம் எனக் கூறிவிட்டால், நிலைத்த வரிசையாக்கத்தில் பதிவுகள் உள்ளிட்ட வரிசையிலேயே நிற்கும். முன்னதாக விண்ணப்பித்தவரின் பதிவு முன்னதாக உள்ளிடப்பட்டிருந்தால், யாரும் அறிவிக்காத விதியொன்று மறைமுகமாக நடைமுறைக்கு வந்துவிடும். இணைய வசதி அருகில் இல்லாததால் தாமதமாக விண்ணப்பித்த மாணவர், காரணம் அறியாமலே பின்தங்குவார்.

இதனைத் தவிர்க்கவே பொறியியல் சேர்க்கையில் ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் சமவாய்ப்பு எண் வழங்கப்படுகிறது. அவ்வெண்ணை ஒருமுறை வழங்கிப் பதிவின் ஒரு புலமாகவே சேமித்தல் வேண்டும். ஒவ்வோர் ஒப்பீட்டின்போதும் புதிய எண்ணை உருவாக்கினால், ஒரு முறை முந்தியவர் மறுமுறை பிந்துவார்; வரிசையும் நிலைகொள்ளாது.

எந்தப் புலம், எந்த முறை, ஏறுவரிசையா இறங்குவரிசையா, எந்தத் தரவு வகை, சமமெனில் இறுதி விதி யாது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதியபின் நிரலைத் தொடங்குவதே முறை. நிரல் என்னும் சொல்லுக்கு ஒழுங்கு, வரிசை என்பதே பழம்பொருள். இன்று அது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பையும் குறிக்கிறது. தன் பெயர் பட்டியலில் ஏன் இந்த இடத்தில் உள்ளது என்று ஒரு மாணவர் வினவும்போது, படிப்படியாகக் காரணம் காட்ட இயலுமாயின் அந்நிரல் தன் பெயருக்கு ஏற்றதாகும்.

கற்பவை கற்றபின்

1. வகுப்பு மாணவர்களின் விவரங்களை இரத்தவகை, பிறந்த மாதம், பெயர் என்னும் மூன்று புலங்களால் வரிசைப்படுத்திப் பட்டியல் உருவாக்குக.
2. புலங்களின் முறையை மாற்றி மீண்டும் வரிசைப்படுத்தி, ஏற்பட்ட மாற்றங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

கலைச்சொற்கள்

பதிவு – ஒருவரை அல்லது ஒன்றைப் பற்றிய விவரங்களின் தொகுதி
புலம் – பதிவில் அமைந்த தனிக்கூறு
அணி – ஒரே அமைப்புடைய தரவுகளின் வரிசைத் தொகுப்பு
செயற்கூறு – குறித்த பணியொன்றைச் செய்யும் நிரற்பகுதி
நிலைத்த வரிசையாக்கம் – சமமானவற்றின் முந்தைய வரிசையைக் காக்கும் முறை

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நிலைத்த முறையில் பல சுற்றுகளாக வரிசைப்படுத்தும்போது முதற்சுற்றில் கொள்ள வேண்டியது
அ) முதன்மைப் புலம்  ஆ) முக்கியத்துவம் குறைந்த புலம்  இ) பெயர்ப் புலம்  ஈ) ஏதேனும் ஒரு புலம்

2. தமிழ் அகராதி மரபின்படி சரியான வரிசை
அ) பகல், பக்கம், மரம், மனம்  ஆ) பக்கம், பகல், மனம், மரம்  இ) பக்கம், பகல், மரம், மனம்  ஈ) பகல், பக்கம், மனம், மரம்

குறுவினா

1. பதிவு, புலம் ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. 97ஐ விட 100 சிறியது எனக் கணினி கொள்வது எப்போது?

சிறுவினா

1. நிரல்நிறைக்கும் இணையான அணிகளுக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சமவாய்ப்பு எண்ணைப் பதிவின் புலமாகச் சேமிக்க வேண்டியதன் காரணத்தைக் கூறுக.

நெடுவினா

‘புலங்களின் முன்பின்னை வகுப்பது மனிதரின் பொறுப்பு’ என்பதைத் தக்க சான்றுகளுடன் நிறுவுக.